டிராகுலாவுக்குக் கதவு திறந்தவர்கள்

நல்லெண்ணத்தோடு ஒளித்துவைக்கப்படும் உண்மைகள் எத்தனை உயிரைக் குடிக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு பேய்க்கதையைப் படிக்கச் சொல்வேன். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'. ரத்தம் குடித்து வாழும் ஒரு பிரபு, அவனைத் தேடி அழிக்கக் கிளம்பும் ஐந்து ஆண்கள், ஒரு பெண். 1897 மே மாதம் லண்டனில் வெளியான நாவல். அதை இன்று யாரிடம் கொடுத்தாலும் ஒரே மாதிரி அபிப்பிராயம் வராது. அப்படி வராமலிருப்பதே அந்தப் புத்தகத்தின் பலம் என்பதையும், அந்தக் கருத்து வேறுபாடுகளுக்கு நடுவே நாம் கவனிக்கத் தவறும் ஒன்று நம் வீடுகளுக்கு மிகவும் வேண்டியது என்பதையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நங்கநல்லூரில் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருக்களில் இருக்கும் சிலர் சேர்ந்து மாதம் ஒரு நாவல் படிக்கிறோம். எங்கள் அடுக்ககத்து மாடி அறையில்தான் கூட்டம். மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கும்போது பேச்சை நிறுத்தி, சத்தம் போனதும் விட்ட இடத்தில் தொடர்வது எங்களுக்குப் பழக்கம். 'டிராகுலா'வைச் சிலர் ஆங்கிலத்தில் முழுசாகப் படித்திருந்தார்கள், சிலர் தமிழ்ச் சுருக்கத்தில். அன்றைக்கு விமானங்களைவிட நாங்கள்தான் அதிகம் சத்தம் போட்டோம்.

தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். அவருக்குப் புத்தகத்தின் பின்பாதிதான் உயிர். "வேட்டை ஆரம்பிச்சப்புறம்தாம்மா கதையே. ரயில் நேரம் பார்க்கிறான், கப்பல் எங்கே போச்சுன்னு தந்தி அடிச்சுக் கேட்கிறான், பெட்டி பெட்டியா கணக்கு எடுக்கிறான். எதிரியை இப்படித்தான் பிடிக்க முடியும்" என்றார்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் உடனே மறுத்தாள். "முதல் நாலு அத்தியாயம்தான் ஆன்ட்டி கதை. ஜொனாதன் அந்தக் கோட்டையில மாட்டிக்கிட்டான், ஷேவிங் கண்ணாடியில பிரபுவோட உருவமே தெரியல, அங்கதான் எனக்குக் கை நடுங்கிச்சு. அப்புறம் டிராகுலா வர்றதே இல்ல. அந்த வான் ஹெல்சிங் தாத்தா பக்கம் பக்கமாப் பேசுறார். அம்பது மண் பெட்டியை எண்ணி எண்ணியே புத்தகம் முடிஞ்சுபோச்சு."

இந்திரா செளந்தர்ராஜனின், பி.டி.சாமியின் திகில் கதைகளை விடாமல் படித்த கீழ்வீட்டு மாமிக்குக் கோபமே வந்துவிட்டது. அவருக்கு வேட்டைக்காரர்களையே பிடிக்கவில்லை. "அந்தப் பொண்ணு லூசி என்ன பாவம் பண்ணித்து? கடிபட்டவளும் அவள்தான், செத்தவளும் அவள்தான். கடைசியில அவள் நெஞ்சிலேயே முளையை வெச்சு அடிக்கறா. நம்ம பக்கத்துல பேய் பிடிச்சா, 'நீ யாரு, உனக்கு என்ன வேணும்'னு முதல்ல கேட்பா. இவா ஒருத்தரும் கேட்கலியே!"

மூன்று பேர் சொன்னதிலும் நியாயம் உண்டு. இந்தச் சண்டை புதிதும் அல்ல. புத்தகம் வந்த ஒரே மாதத்துக்குள் லண்டன் பத்திரிகைகள் இதே போல இரண்டாகப் பிரிந்து நின்றன. 'டெய்லி மெயில்' அதைத் தூக்கிவைத்துக் கொண்டாடி, 'ஃப்ராங்கன்ஸ்டைன்' போன்ற பழைய திகில் நாவல்களுக்கு இணையாக உட்காரவைத்தது. 'அதீனியம்' என்ற இலக்கிய வார இதழ், பரபரப்பு நிறைய இருக்கிறது, கட்டமைப்பில் கலை குறைவு என்று எழுதியது. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் அந்த ஆகஸ்ட் மாதம் ஸ்டோக்கருக்குத் தானே கடிதம் எழுதி மனம்விட்டுப் பாராட்டினார். ஸ்டோக்கரின் அம்மாவும் மகனுக்கு எழுதினார். மேரி ஷெல்லியின் நாவலுக்குப் பிறகு புதுமையிலும் பயத்திலும் இதன் கிட்டே வரக்கூடியது வேறில்லை என்பது அவர் தீர்ப்பு. ஒரே புத்தகம், ஒரே கோடைக்காலம், இத்தனை அபிப்பிராயம்.

நான் ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். என் கண் போன இடம் வேறு.

லூசி நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போகிறாள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த பேராசிரியர் வான் ஹெல்சிங், அவளுக்கு உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்கிறார். முதலில் அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் ஆர்தர் கொடுக்கிறான். அடுத்து டாக்டர் ஸீவர்ட். மூன்றாவது வான் ஹெல்சிங்கே. நாலாவது அமெரிக்கக்காரன் குவின்சி மோரிஸ். நாலு பேரும் நேராகக் கையை நீட்டுகிறார்கள், ரத்தம் நேராக அவளுக்குள் போகிறது. ஒருவரின் ரத்தமும் சோதிக்கப்படவில்லை. சோதிக்க வழியும் அப்போது இல்லை. கார்ல் லாண்ட்ஸ்டைனர் வியன்னாவில் ஏ, பி, ஓ வகைகளைப் பிரித்துக் காட்டிக் கட்டுரை எழுதியது 1901-ல்தான். நாவல் வந்து நாலு வருஷம் கழித்து.

எங்கள் வேலையில் க்ராஸ் மேட்ச் என்று ஒன்று உண்டு. நோயாளியின் சீரத்தோடு, கொடுப்பவரின் சிவப்பணுக்களைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் சேர்த்து, உடம்புச் சூட்டில் வைத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுப்போம். குழாயின் அடியில் சிவப்பாக ஒரு பொத்தான் உட்கார்ந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெல்லத் தட்டினால், அது புகைபோலக் கலைந்து ஒரே சீராகப் பரவ வேண்டும். கலையாமல் துணுக்குத் துணுக்காகத் திரண்டு நின்றால் அந்தப் பையை அந்த நோயாளிக்கு ஏற்றவே கூடாது. மாறிப்போன ரத்தம் உள்ளே போனால் நடுக்கம், முதுகுவலி, சிறுநீரில் ரத்தச் சிவப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, மரணம் என்று போகும். லூசிக்கு ஏற்றிய நாலு ரத்தத்தில் ஒன்றாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கும் என்று எங்கள் வட்டத்திலேயே ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னார்.

அதை நான் ஸ்டோக்கரின் குற்றமாக வைக்கமாட்டேன். அவர் காலத்து மருத்துவம் அவ்வளவுதான். என்னை உலுக்கியது அடுத்து வருவது. மற்ற மூன்று பேரும் ரத்தம் கொடுத்ததை ஆர்தரிடம் சொல்லவே இல்லை. அவன் மனசு வருத்தப்படுமாம். என் ரத்தம் அவள் உடம்பில் ஓடியதால் அவள் என் மனைவியாகவே ஆகிவிட்டாள் என்று அவன் சொல்லும்போது எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். அங்கிருந்து திரும்பிப் பின்னோக்கிப் படித்தேன். இந்த நாவலில் யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டால், டிராகுலா கடித்தவர்களின் பட்டியலைவிட அது நீளம்.

லூசியின் அம்மாவுக்கு இதயம் பலவீனம். இன்னும் சில மாதம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை அவள் மகளிடம் சொல்லவில்லை. மகளின் தோழி மினாவிடம் சொல்லி, லூசிக்குத் தெரியக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொள்கிறாள். லூசி தூக்கத்தில் எழுந்து நடந்து விட்பி கல்லறை மேட்டுக்கே போய்விட்டதை மினா அந்த அம்மாவிடம் மறைக்கிறாள். அதிர்ச்சி தாங்கமாட்டாள் என்று. லூசியின் உடம்பு இவ்வளவு மோசம் என்பதை டாக்டர்கள் அந்த அம்மாவிடம் மறைக்கிறார்கள். லூசியைப் பிடித்திருப்பது என்ன என்று வான் ஹெல்சிங் சந்தேகிப்பதை அவர் கூட இருக்கும் ஸீவர்டிடமே சொல்லவில்லை.

இத்தனை மறைப்புக்கும் விலை ஒரே ராத்திரியில் வந்து நிற்கிறது. ஹாலந்திலிருந்து பெரிய கட்டாகப் பூண்டுப் பூ வரவழைக்கிறார் வான் ஹெல்சிங். ஜன்னல் சட்டம் முழுக்கத் தேய்க்கிறார். கதவு நிலையில் தேய்க்கிறார். மாலையாகக் கட்டி லூசியின் கழுத்தில் போடுகிறார். ஜன்னலைத் திறக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டு, இன்று நிம்மதியாகத் தூங்கலாம் என்று கிளம்பிப் போகிறார். காலையில் வந்தால் அம்மா வாசலில் சந்தோஷமாக வரவேற்கிறாள். ராத்திரி மகளைப் பார்க்கப் போனாளாம். அறை முழுக்க ஏதோ பூவின் நெடி. பாவம், குழந்தைக்கு மூச்சு முட்டுமே என்று எல்லாவற்றையும் அள்ளி எடுத்துவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்துக் காற்று வரச் செய்தாளாம்.

வான் ஹெல்சிங்கின் முகம் சாம்பலாகிறது. அந்த அம்மா நகரும்வரை பொறுத்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து விம்மி அழுகிறார். அழுது முடித்து அவர் சொல்வது, இப்போதும் அவளிடம் எதையும் சொல்லக்கூடாது என்பதுதான்! டிராகுலாவுக்கு அந்த ஜன்னலைத் திறந்துவிட்டது ஒரு தாயின் கை. அந்தக் கைக்கு விவரம் சொல்லாதவர் ஊரிலேயே பெரிய டாக்டர்.

தந்தி அலுவலகத்துப் பெரியவர் இன்னொன்றைப் பிடித்தார். பின்னொரு ராத்திரி ஸீவர்ட் காவலுக்குப் போக வேண்டும் என்று வான் ஹெல்சிங் அடித்த தந்தியில் மாவட்டத்தின் பெயர் இல்லை. கார்ஃபாக்ஸ் என்று மட்டும் இருந்ததால் அது வேறு ஒரு மாவட்டத்துக்குப் போய், 22 மணி நேரம் தாமதமாக வந்து சேர்கிறது. அந்த ராத்திரிதான் லூசியின் அம்மா இறக்கிறாள். அதன்பின் லூசி தேறவே இல்லை. "முகவரி முழுசா இல்லாத தந்தியை நாங்க எத்தனை பார்த்திருப்போம். சேதி சரியா இருந்து என்ன பிரயோஜனம், சேர வேண்டியவனுக்குச் சேரலைன்னா?" என்றார். நம் நாட்டில் தந்தி சேவையே 2013 ஜூலையோடு முடிந்துபோனது. சேதியைச் சேர்ப்பதில் ஆயுளைக் கழித்த மனிதர் அவர். அவர் சொன்னது இந்த நாவல் முழுவதுக்கும் பொருந்தும்.

என் வேலையில் இதே கதையைக் கவுன்ட்டரின் மறுபக்கம் பார்த்திருக்கிறேன். ரத்தப் பை வாங்க வரும் மகன் அல்லது மருமகன், படிவத்தைக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார். "மேடம், அம்மாவுக்கு என்ன நோய்னு தெரியாது. சாதாரண ரத்தசோகைன்னுதான் சொல்லியிருக்கோம். பையில சீட்டு ஒட்டும்போது டயக்னோசிஸ் எழுதிடாதீங்க." அவர் கண்ணில் இருப்பது பாசம்தான், அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே எங்கேயாவது ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா, அப்போது குளிர்நடுக்கம் வந்ததா என்ற கேள்விகளுக்கு அந்த அம்மாவிடம்தான் பதில் இருக்கும். தனக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாதவரிடம் அவற்றைக் கேட்டால், எதற்குக் கேட்கிறார்கள் என்று புரியாமல் "ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிடுவார். பத்தியத்துக்கு, மாத்திரைக்கு, ஜுரம் வந்தால் உடனே சொல்லவேண்டியதற்கு, எல்லாவற்றுக்கும் இதே கதி. காரணம் தெரியாத கட்டுப்பாட்டை யாரும் ரொம்ப நாள் காப்பாற்ற மாட்டார்கள். பூண்டுப் பூவை எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

நங்கநல்லூரில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, கணவனும் மனைவியுமாகத் தனித்திருக்கும் பெரியவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்கள் விஷயத்தில் மறைப்பு இருபக்கமும் நடக்கிறது. தலைசுற்றி விழுந்ததைப் பையனிடம் சொல்லமாட்டார்கள், அவன் பதறிப்போவான் என்று. பரிசோதனை முடிவை டாக்டரிடம் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்ட பையன் அப்பாவிடம் சொல்லமாட்டான், அவர் உடைந்துபோவார் என்று. எல்லோரும் எல்லோரையும் காப்பாற்றுகிறார்கள். லூசியின் வீட்டில் நடந்ததும் இதேதான்.

கல்லூரிப் பெண்ணுக்குப் போரடித்த பின்பாதியை நான் விரும்புவதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. நாவல் திரும்புவது முளையும் சுத்தியலும் எடுக்கும்போது அல்ல, மினா தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்காரும்போது. தன் கணவன் ஜொனாதன் கோட்டையில் எழுதிய நாட்குறிப்பைச் சுருக்கெழுத்திலிருந்து பெயர்க்கிறாள். ஸீவர்ட் ஃபோனோகிராஃப் உருளைகளில் பேசிவைத்த குறிப்புகளைக் கேட்டுக் கேட்டு அடிக்கிறாள். ஏதாவது ஒரு இடத்தைத் தேடவேண்டுமானால் இந்த உருளைகளில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று அந்த டாக்டர் அதுவரை யோசித்ததே இல்லை. தேதிவாரியாக அடுக்கிப் பிரதிகள் எடுத்து எல்லோர் கையிலும் கொடுக்கிறாள். ஆளுக்கொரு துண்டாகப் பூட்டிவைத்திருந்த பயம் அப்போதுதான் ஒரு முழு வழக்காகிறது. யார் எதிரி, எங்கே வீடு வாங்கினான், எத்தனை பெட்டி இறக்கினான், எல்லாம் ஒரே கட்டில்.

இத்தனையும் செய்தவளை அடுத்து என்ன செய்கிறார்கள்? கூட்டம் முடிந்ததும் ஆண்கள் ஐந்து பேரும், இனிமேல் மினாவிடம் ஒன்றும் சொல்லவேண்டாம், பெண்மனசு தாங்காது என்று முடிவெடுத்துப் படுக்க அனுப்பிவிட்டு டிராகுலாவின் வீட்டைத் தேடப் போகிறார்கள். அவன் அவள் அறைக்கு வந்துபோகத் தொடங்குவது அந்த நாட்களில்தான். மறுநாள் காலை அவள் வெளிறிப் படுத்திருக்கிறாள். கணவன் பார்க்கிறான். களைப்பு என்று நினைத்துக்கொள்கிறான். இந்தப் பயங்கரத்திலிருந்து இவளை ஒதுக்கிவைத்தது எவ்வளவு நல்லது என்று நாட்குறிப்பில் எழுதியும் வைக்கிறான். அவளோ, அவன் கவலைப்படுவானே என்று தன் அழுகையை அவனிடம் மறைக்கிறாள். திகில் நாவல்களில் நான் படித்ததிலேயே பயங்கரமான பக்கம் அதுதான். கோரைப்பல் ஒன்றும் அதில் கிடையாது, பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அவன் மினாவிடம் வந்துபோகும் உண்மை வெளியே வந்த ராத்திரி டிராகுலா செய்யும் முதல் காரியம், மினா அடித்த தாள்களையும் ஸீவர்டின் உருளைகளையும் நெருப்பில் போடுவது. தன் எதிரி யார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இன்னொரு பிரதி இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருந்ததால்தான் வேட்டை தொடர்கிறது. அதன்பின் இனி நமக்குள் ஒளிவுமறைவு கூடாது என்று முடிவாகிறது. பின்னால் ஒரு கட்டத்தில், என் மனசு வழியாக அவனுக்குச் சேதி போய்விடலாம், எனவே திட்டங்களை என்னிடம் சொல்லாதீர்கள் என்று மினாவே கணவனிடம் கேட்டுக்கொள்கிறாள். இந்த இடத்தை நம் டாக்டர்களும் குடும்பங்களும் கவனிக்கவேண்டும். தெரிந்துகொள்ளாமலிருக்கும் உரிமையும் ஒருவருக்கு உண்டு. "விவரமெல்லாம் எனக்கு வேண்டாம், என் பெண்ணிடம் சொல்லுங்கள்" என்று ஒரு பாட்டி சொன்னால் அது அவர் முடிவு. அதை அவரைக் கேட்காமல் அவருக்காக மற்றவர்கள் எடுப்பதுதான் தவறு.

கீழ்வீட்டு மாமி சொன்னதற்கு வருகிறேன். வேட்டைக்காரனைக் கொண்டாடாதீர்கள் என்ற அவர் எச்சரிக்கை நாவலைத் தாண்டியும் செல்லும். 'டிராகுலா' லண்டன் கடைகளுக்கு வந்த அதே 1897-ல் பம்பாய் மாகாணத்தில் பிளேக் பரவிக்கொண்டிருந்தது. தொற்றுநோய்ச் சட்டம் அந்த வருஷம் பிப்ரவரியில் வந்தது. புணேயில் பிளேக் கமிட்டியின் தலைவராக இருந்த வால்டர் ராண்டின் கீழ் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினார்கள். பெண்களையும் பூஜை அறையையும் அவர்கள் நடத்திய விதத்தில் ஊரே கொதித்தது. நோயாளிகளை ஜனங்கள் ஒளித்துவைத்தார்கள். ஜூன் 22 ராத்திரி, விக்டோரியா மகாராணியின் வைரவிழாவன்று, சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். அதே 1897-ம் வருஷத்துச் சட்டத்தைத்தான் 2020-ல் கொரோனாவுக்கும் எடுத்தார்கள். சென்னையில் நோய் வந்த வீட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டியதும் தகரம் அடித்ததும் நமக்கு மறக்காது. அதைப் பார்த்து ஜுரத்தை வெளியே சொல்லாமல் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இருந்தவர்கள் நம் தெருக்களிலேயே உண்டு.

வேட்டைக்காரன் மறைத்தால் ஜனங்கள் விவரம் தெரியாமல் ஜன்னலைத் திறந்துவிடுகிறார்கள். வேட்டைக்காரன் அதட்டினால் ஜனங்கள் நோயையே ஒளித்துவிடுகிறார்கள். ஆகவே உண்மையைச் சொன்னால் மட்டும் போதாது, கேட்பவர் நம்பும்படி, அவர் மானத்தைக் காப்பாற்றிச் சொல்லவேண்டும். மாமி சொன்ன 'நீ யாரு, உனக்கு என்ன வேணும்' என்ற கேள்விக்குள் அந்த மரியாதை இருக்கிறது.

நம் கதைகளில் அது நிறையவே இருக்கிறது. பழையனூர் நீலியை நினைத்துக்கொள்ளுங்கள். கணவனால் கொல்லப்பட்டவள், பேயாகித் திரும்பி வந்து நியாயம் கேட்கிறாள். அவன் உயிருக்குப் பிணை நின்ற எழுபது வேளாளர்கள், அவன் இறந்ததும் சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தீயில் இறங்கினார்கள் என்று முடியும் கதை. நீலியை நாம் பயத்தோடு நினைக்கிறோம், அவள் பக்கத்து நியாயத்தை மறுப்பதில்லை. காட்டேரி என்று சொல்லிக் குழந்தையைப் பயமுறுத்துகிறவர்களே காட்டேரியம்மனுக்குப் படையலும் போடுகிறார்கள். காரைக்கால் அம்மையார் பேயுருவைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டவர். இந்த மண்ணில் வளர்ந்த வாசகிக்கு, லூசியின் பக்கம் யாருமே பேசாத கதை அரைகுறையாகத்தான் தெரியும். அது வாசிப்பில் உள்ள குறை அல்ல, அந்த நாவலில் உள்ள ஒரு காலியிடத்தை அவர் காட்டுகிறார். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் தோன்றும். நடந்தது என்ன என்று கடைசிவரை உறுதியாகாமல் விட்டும் ஒரு எழுத்தாளர் நம்மைத் தூங்கவிடாமல் செய்யமுடியும். வான் ஹெல்சிங்கைப் போல எல்லாவற்றுக்கும் விளக்கம் கொடுப்பவர் கதைக்குள் வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஆகவே எனக்கு இந்த மூன்று வாசகர்களும் வேண்டும். பெட்டிகளை எண்ணிய பெரியவர், சேதி சேரவேண்டிய இடத்தில் சேரவேண்டும் என்பதைக் கண்டார். கோட்டையோடு நிறுத்தச் சொன்ன பெண், வான் ஹெல்சிங் நிறையப் பேசி வேண்டியதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதைத் தன் சலிப்பின் மூலமே கண்டுபிடித்துவிட்டாள். மாமி, வேட்டையாடப்படுகிறவளையும் ஒரு மனுஷியாகப் பார் என்றார். ஒரு புத்தகத்துக்கு ஐந்தில் எத்தனை மதிப்பெண் என்று சுருக்கிவிட்டால் இந்த மூன்றும் கிடைக்காது. பேய்க்கதைதானே என்று ஒதுக்குகிறவர்களுக்கும் கிடைக்காது. வீட்டில் பிள்ளைகள் திகில் நாவல் படித்தால் பிடுங்கி வைக்காதீர்கள். படித்துவிட்டு எதற்குப் பயந்தாய் என்று கேளுங்கள். அந்தப் பதிலில் அவர்கள் உங்களிடம் சொல்லாத வேறு ஏதாவது ஒன்றும் சேர்ந்து வரலாம்.

'டிராகுலா'வைச் சுருக்கத்தில் படித்தவர்கள் முழுசாகப் படிக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சினிமா நம் மனசில் பதித்திருக்கும் முளை, பிரபுவைக் கொல்லும் இடத்தில் நாவலில் வருவதே இல்லை. ஜொனாதன் கையில் இருப்பது ஒரு கூர்க்கா குக்ரி, குவின்சி கையில் இருப்பது ஒரு வேட்டைக் கத்தி. ஒரு நவம்பர் மாலை, சூரியன் மறையும் நொடியில், இரண்டு கத்தியும் சேர்ந்து இறங்குகின்றன. அதைவிட முக்கியமாகக் கடைசிக் குறிப்பைப் படியுங்கள். ஏழு வருஷம் கழித்து ஜொனாதன் எல்லாத் தாள்களையும் எடுத்துப் பார்க்கிறான். சாட்சியாகக் காட்ட அசல் ஆவணம் அனேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை, மினா அடித்த தட்டச்சுக் கட்டுதான் இருக்கிறது. அவர்களைக் காப்பாற்றியது அந்தக் கட்டு.

தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்துக் கொடுத்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் முதல் வரிசையில் நிற்பதும், மறைக்காமல் சொல்வதுதான். தன் நோய் என்ன, சிகிச்சை என்ன, ஆபத்து என்ன என்பதைத் தனக்குப் புரியும் மொழியில் தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு. மருத்துவமனைகள் அதைச் சுவரில் மாட்டினால் மட்டும் போதாது. பரிசோதனை முடிவு வந்த அன்றே, மகனைத் தனியே வெளியே கூப்பிட்டுப் பேசும் பழக்கத்தை டாக்டர்கள் விடவேண்டும். "உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும், யார் கூட இருக்கணும்" என்று நோயாளியிடம் முதலில் கேட்கவேண்டும். மகன்களும் மகள்களும், அம்மா தாங்கமாட்டாள் என்று தாங்களே தீர்ப்பு எழுதுவதை நிறுத்தவேண்டும். பஞ்சத்தையும் பிரசவத்தையும் சாவையும் பார்த்த தலைமுறை அது. அவர்களிடம் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, நோயின் பெயரைச் சொல்லுங்கள். ஜன்னலை ஏன் மூடிவைக்கச் சொல்கிறோம் என்று தெரிந்தால் அவர்களே அதை மூடிக்கொள்வார்கள்.